வெளிச்சம் புகாத வீக்கம்

1954 செப்டம்பர் 19, ஞாயிறு, மாலை நாலு மணி பத்து நிமிஷம். மூன்றாவது கடிதம்.
திருவனந்தபுரம்.

அண்ணனுக்கு,

முதல் இரண்டையும் தபாலில் போட்டேன். போலீஸ் தேடுகிற ஆளுக்குத் தபாலில் கடிதம் எழுதிய முட்டாள் இந்தத் திருவிதாங்கூர்-கொச்சியிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். இது விலாசினி மதினியின் கூடையில் வருகிறது. மரச்சீனிக் கிழங்கு விற்றுத் தீர்ந்த வெறுங்கூடை, உள்ளே விரித்த சாக்கு, அதற்கு அடியில் இந்தக் கடிதம். அமரவிளையில் பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கிறவர்கள் சாக்கைத் தூக்கிப் பார்ப்பதில்லை என்கிறாள்.

மதினி வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இருமல் என்று சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, என் எக்ஸ்ரே அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "தம்பி, எனக்கு ஒரு இருமலும் இல்ல. உங்க அண்ணனுக்காக்கும் தீனம். அவருட்ட கேட்டா சொல்ல மாட்டாரு" என்றாள். சொன்னதையெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரு பெண்பிள்ளை கொழுந்தனிடம் இதைச் சொல்லவேண்டிய நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்தவன் நீ.

"அந்த இடம்" என்று எழுத எனக்கு வராது. விரை. வலது விரை. பெரிதாகி, பாக்குப் போலக் கெட்டியாகி, நாளுக்கு நாள் கனத்துக்கொண்டு வருகிறது. வலி இல்லை. அதற்குத் தாணுமாலயன் ஆசான் காலையும் மாலையும் வர்ம எண்ணெய் போட்டுத் தடவுகிறார். சரிதானா?

உடனே செய்யவேண்டியது இரண்டு. ஒன்று, தடவலை நிறுத்து. கசக்கக் கூடாது, ஊசி குத்தி நீர் எடுக்க எவனையும் விடக் கூடாது. இரண்டு, ஒரு டார்ச் லைட் எடுத்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, வீக்கத்துக்குப் பின்னால் பிடித்துப் பார். வெளிச்சம் சிவப்பாக ஊடுருவுகிறதா இல்லையா என்று எழுது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி.

நான் இந்தச் சர்க்காரின் சம்பளம் வாங்குகிறேன் என்று பாறசாலை முக்கில் நாலு பேர் முன்னால் காறித் துப்பினாய். அது அப்படியே இருக்கட்டும். பதில் மட்டும் எழுது.

சோமன்

---

ஒற்றசேகரமங்கலம் பக்கம்.
ஜய வருஷம், புரட்டாசி 12.

எலே சோமா,

தேதியைப் பார்த்தாயா? மலையாளத்தானின் கொல்லம் ஆண்டு எழுதவில்லை, வெள்ளைக்காரன் தேதியும் எழுதவில்லை. உனக்கு எரியட்டும் என்றுதான்.

நீ என்ன பெரிய டாக்டரா? படம் பிடிக்கிற பயல். என் சைக்கிள் கடையில் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கிற வேலைக்கும் உன் வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

எனக்கு வந்தது தீனம் இல்லை, அடி. ஆகஸ்டு பதினொன்றாம் தேதி ஊர்வலத்தில் பிடித்துக்கொண்டு போய், லாக்கப்பில் வைத்து, பூட்ஸ் காலால் விலாவில் இரண்டு, கீழே ஒன்று. "நினக்கு தமிழ்நாடு வேணோடா?" என்று கேட்டுக் கேட்டு உதைத்தான். ஆமடா, வேணும் என்று சொன்னதற்குத்தான் மூன்றாவது. இரண்டு நாள் கழித்து விட்டவன் பிறகு மறுபடி வாரண்டு போட்டுத் தேடுகிறான். விலா இப்போதும் தும்மினால் பிடிக்கிறது, அதைக் கேட்க ஆள் இல்லை. ஆனால் கீழே பட்ட அடியை எங்கள் போராட்டக் கமிட்டி விடவில்லை. டில்லிக்குப் போகிற மனுவில் எழுதியாயிற்று. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் தமிழ்நாட்டோடு சேர் என்று கேட்டதற்காக, ஒரு கல்யாணம் கழிந்த சின்ன வயசுக்காரனை இந்தக் கோலம் ஆக்கினார்கள் என்று மேடை தோறும் பேசுகிறார்கள். பேர் சொல்வதில்லை, ஆனாலும் எல்லாவனுக்கும் தெரியும். ராத்தங்கப் போகிற வீட்டில் எனக்கு மட்டும் பாய்க்கு மேலே மெத்தை விரிக்கிறார்கள், கேட்டியா?

ஆசான் கையை வைத்ததும் சொல்லிவிட்டார், வர்மத்தில் பட்ட உதை என்று. முதலில் கொஞ்சம் நொந்தது. இப்போது துளி வலி இல்லை. வலி போனால் குணம் பிடிக்கிறது என்று அர்த்தம். இதற்கு எக்ஸ்ரே வேண்டாம்.

நீ சொன்ன டார்ச் வித்தையும் பார்த்தேன். அறையைப் பூட்டிக்கொண்டு வேட்டிக்குள் விளக்கடிக்கிறேன் என்று விலாசினி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! இடது பக்கம் கொஞ்சம் சிவந்தது. வலது பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் கூட அந்தப் பக்கம் வரவில்லை. ஆக, நீர் இல்லை, ஓதம் இல்லை. ஆசானும் அதையேதான் சொன்னார். உன் விளக்கும் ஆசான் கட்சி ஆக்கும். இனி என்ன சொல்வாய்?

உன் சர்க்கார் ஆஸ்பத்திரியில், உன் மலையாளத்து டாக்டர் முன்னால், நான் வேட்டி அவிழ்க்க மாட்டேன்.

பொன்னப்பன்

---

1954 அக்டோபர் 3, ஞாயிறு, காலை ஏழு மணி ஐந்து நிமிஷம். நாலாவது கடிதம்.
திருவனந்தபுரம்.

அண்ணனுக்கு,

"ஒரு பொட்டு வெளிச்சம் கூட வரவில்லை." இந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன். ஏதோ ஜெயித்த மாதிரி நீ அதை எழுதியிருக்கிறாய்.

கேள். நீர் கட்டிய ஓதமாக இருந்தால் வெளிச்சம் புகும். புகுந்திருந்தால் நான் கொஞ்சமாவது மூச்சுவிட்டிருப்பேன். அதுகூடக் கொஞ்சம்தான், நீருக்கு உள்ளே கட்டி ஒளிந்திருப்பதும் உண்டு. வெளிச்சம் புகவில்லை என்றால் உள்ளே இருப்பது கெட்டிச் சதை. உன் பேர் சொல்லாமல் இங்கே சர்ஜனிடம் கேட்டேன். "வயசு என்ன?" என்றார். இருபத்தொன்பது என்றேன். "வலி?" இல்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வாலிபத்தில் விரையில் வலியில்லாத கெட்டிக் கட்டி என்றால், வேறு ஏதோ என்று தெரிகிற வரைக்கும் அது புற்றுநோய் என்றுதான் எடுத்துக்கொள்வாராம். வயசானவர்களைவிட நம் வயசுக்காரர்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. வலி இல்லை, வலி இல்லை என்று நீ எழுதினாயே, இந்த நோயின் கள்ளத்தனமே அதுதான். வலித்திருந்தால் நீ அன்றைக்கே ஓடிவந்திருப்பாய்.

விட்டால் என்ன ஆகும்? இது கீழே இருக்காது. மேலே ஏறும். விரையின் நிணநீர்க் குழாய்கள் போய்ச் சேருகிற இடம் வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி. அங்கே நெறி கட்டும். நடு முதுகு வலிக்கும், படுத்தாலும் தீராது. பிறகு நுரையீரல். இருமல், மூச்சுமுட்டல், ரத்தம். இடது கழுத்தெலும்புக்கு மேலே நெறி கட்டுவதும் உண்டு. கட்டி விரைக்குள் இருக்கும்போதே எடுத்தால் பிழைப்பவர்கள் நிறைய. மேலே ஏற ஏற அந்தக் கணக்கு சுருங்கும்.

பூவாரிலிருந்து கில்பர்ட் என்று ஒரு கடல்காரன் வந்தான். உன்னைவிட இளையவன். இருமல் என்று அனுப்பினார்கள். படத்தைக் கழுவித் தூக்கிப் பார்த்தேன். நுரையீரல் முழுக்க வட்ட வட்டமாக வெள்ளை, கோலிக்குண்டை அள்ளிக் கொட்டினது போல. டாக்டர் கீழே சோதித்தபோதுதான் விரை விஷயம் தெரிந்தது. இரண்டு வருஷமாக இருந்திருக்கிறது. "ஓதம் எங்க கரையில எவனுக்கு இல்ல சாரே?" என்று என்னிடமே சிரித்தான். மூன்றே வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். போன செவ்வாய்க்கிழமை அவன் மனைவி ஜெம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள். அந்த எக்ஸ்ரே படத்தைத் தருவீர்களா என்று கேட்டாள். "அவருக்க வேற படம் ஒண்ணும் எங்கிட்ட இல்ல சாரே."

இதற்கு மேல் நான் என்ன எழுத?

இன்னொன்று. உதை உண்மை. ஆனால் கட்டி உதையால் வரவில்லை. சித்திரையில் நாம் இரண்டு பேரும் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குச் சைக்கிளில் போனோம். நீ சீட்டின் மேல் துண்டை நாலாக மடித்துப் போட்டு, ஒருச்சாய்ந்து உட்கார்ந்து மிதித்தாய். என்ன அண்ணே என்றதற்கு, "ஒரு கனம் போல உண்டு, சூடாயிருக்கும்" என்றாய். சூட்டுக்கு இளநீர் வாங்கிக் குடித்தோம். ஆகஸ்டில் வாங்கிய உதைக்குச் சித்திரையிலேயே வீங்குமா? உதை பட்ட பிறகுதான் நீ கையை வைத்துப் பார்த்தாய். அவ்வளவுதான்.

முன்சக்கரப் போர்க்கில் விரிசல் விட்ட சைக்கிளைக் கொண்டுவந்தால் பெயின்ட் அடித்து ஓட்டச் சொல்வாயா? தாணுமாலயன் ஆசான் அதைத்தான் செய்கிறார். அவருக்கு இது தெரியாது. உனக்கு இப்போது தெரியும்.

சோமன்

---

புரட்டாசி 25.

சோமனுக்கு,

பழைய வாஞ்சையில் மக்கா என்று எழுத வந்தது, அடித்துவிட்டேன்.

இப்போது விளங்கிற்று. போலீஸ் உதைக்கவில்லை, பொன்னப்பனுக்கு முன்னமே தீனம் உண்டு. இதைத்தானே உன் சர்க்கார் சொல்ல ஆசைப்படுகிறது? அதை என் கூடப்பிறந்தவன் கையாலேயே எழுதி வாங்கிவிட்டார்கள். கொள்ளாம், ரொம்ப நன்றாயிருக்கிறது.

அதே ஆகஸ்டில் புதுக்கடை ஊரில் போலீஸ் துப்பாக்கிக் குண்டுக்குச் செத்தவர்கள் உண்டு. எனக்கு ஒரு வீக்கம்தான். அதையும் பிடுங்கிக்கொண்டு, "அது அடி இல்லை, வியாதி" என்று மேடையேறிச் சொல்லச் சொல்கிறாயா? நாளைக்கே, இவன்கள் சொல்கிறது எல்லாம் பொய் என்று மலையாளப் பத்திரிகையில் எழுதுவான். என்னை நம்பிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் இங்கே வருகிறார்கள், மனுவின் கடைசி நகலைப் படித்துக் காட்ட. நான் கையெழுத்துப் போடத்தான் போகிறேன்.

செத்தால் சாகிறேன். இது நமக்கு வரப்போகிற மண், இதில் சாகிறேன். இனி எழுதாதே.

சித்திரையில் எனக்கு ஒன்றும் இல்லை. துண்டு போட்டது சீட்டு பழசானதால்.

முதுகு கொஞ்ச நாளாக வலிக்கிறது. அது வேறிடத்துப் பாயில் படுப்பதால்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் எழுதவேண்டாம், உன் மதினியிடம் வாயால் சொல்லி அனுப்பு. ஒன்றை எடுத்துவிட்டால் பிறகு மனுஷன் எதற்கு ஆவான்? கல்யாணம் கழிந்து இரண்டு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. அம்மை விலாசினியைத்தான் குறை சொல்லுகிறாள்.

பொன்னப்பன்

---

1954 அக்டோபர் 13, புதன், மாலை ஐந்தரை. ஐந்தாவது கடிதம்.

அண்ணனுக்கு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்கிற தம்பியா நான்? மதினியிடம் வாயால் சொல்வதற்கு எனக்கே கூச்சம், அதனால் எழுதுகிறேன். அவள் பஸ்ஸுக்கு நிற்கிறாள், சுருக்கமாக.

ஒன்று போதும். ஒற்றை விரையோடு தாடி வளரும், குரல் இருக்கும், கட்டிலும் இருக்கும், பிள்ளையும் பிறக்கலாம். எடுப்பது அடிவயிற்றின் ஓரத்தில் கீறி, வெளியே யாருக்கும் தெரியாது. கட்டியைக் கரைக்க எக்ஸ்ரேக் கதிர் வைத்தால் பிள்ளை விஷயம் கொஞ்ச காலம் தள்ளிப்போகலாம், அதை டாக்டரிடமே கேள். குழந்தை இல்லாததற்கு மதினியைச் சொல்லும் அம்மையிடம் வாயை மூடச் சொல்.

முதுகு வலிக்குப் பாய் காரணம் இல்லை. மெத்தை போடுகிறார்கள் என்று நீதான் எழுதினாய்.

மலையாளத்து டாக்டர் வேண்டாமா? நெய்யூருக்குப் போ. மிஷன் ஆஸ்பத்திரி, கல்குளம் தாலுகா, நீ கேட்கிற மண்தான். புற்றுநோய்க்குக் கதிர் வைக்கிற இடம். உன்னோடு தமிழ் பேசுவார்கள். இனி என்ன சாக்கு மிச்சம் இருக்கிறது?

உதைத்தவன் உதைத்தான். அது ஒரு உண்மை. கட்டி இன்னொரு உண்மை. ஒன்றை இன்னொன்றின் தோளில் ஏற்றாதே. கட்டி உன்னைக் கொன்றுவிட்டால் உதைத்தவனுக்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்காது. இதுகூடவா உன் கமிட்டிக்குத் தெரியாது?

சோமன்

---

நெய்யூர்.
ஐப்பசி 9.

எலே சோமா,

தலைப்பில் ஊர்ப் பேரைப் பார்த்து ஆடாதே. உனக்காக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள். மனுவைப் படித்தார்கள். "மேற்படி பொன்னப்பன் என்பவர் மர்ம ஸ்தானத்தில் உதைக்கப்பட்டு, அதனால் வீக்கம் கண்டு" என்ற இடம் வந்தபோது விலாசினி சுக்குக்காப்பியோடு நுழைந்தாள். செம்பைத் தரையில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "வீக்கம் போலீசுக்கு முந்தினதாக்கும். சித்திரையிலேயே உண்டு. பெண்டாட்டி எனக்குத் தெரியாதா?"

ஐந்து ஆண்பிள்ளைகளும் காப்பிச் செம்பையே பார்த்தார்கள். மனுவைப் படித்த செல்லசாமி அண்ணாச்சிக்கு இருமல் வந்தது, நிற்கவே இல்லை. நான் "ஏட்டி, உள்ள போ!" என்று கத்தினேன். அவள் போகவில்லை. "தம்பி அஞ்சு கடிதம் எழுதியாச்சு. அதுல மூணை நான் சுமந்தாச்சு. இனி இவரையும் சுமந்தாவது கொண்டுபோவேன். உங்க கமிட்டிக்குச் செத்த ஆளு வேணுமா, உயிரோட உள்ள ஆளு வேணுமா? இப்பமே சொல்லுங்க" என்றாள்.

அண்ணாச்சிதான் பேனாவைத் திருப்பி அந்த வரியை அடித்தார். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. உதை மட்டும் நின்றது, காட்டுவதற்கு ஒன்றும் இல்லாத உதை. உனக்குச் சந்தோஷம்தானே?

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவள் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் முதுகு வலியில் கஞ்சியே இறங்கவில்லை. பிறகு வந்தோம்.

வேறு பேர் கொடுக்கச் சொல்லி அண்ணாச்சி படித்துப் படித்துச் சொன்னார். நான் சொந்தப் பேரைத்தான் கொடுத்தேன். வாரண்டோடு எவனாவது வந்தால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகட்டும். டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு உன்னைப்போலவே திட்டினார். எங்கேயிருந்தெல்லாம் படிக்கிறீர்கள் இந்தத் திட்டை? மார்புக்குப் படம் எடுத்தார்கள். மூச்சைப் பிடி என்றான் அந்தப் பயல். பிடித்தேன். அப்போது அந்தப் பூவார்க்காரன் ஞாபகம் வந்தது. பிறகு விடு என்று அவன் சொல்லியும் கொஞ்ச நேரம் நான் மூச்சை விடவில்லை.

படத்தில் என்ன உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வெட்டுகிறார்கள். உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும். உன் சர்க்கார் அப்படி.

பொன்னப்பன்

---

1954 அக்டோபர் 29, வெள்ளி, பகல் இரண்டு மணி நாற்பது நிமிஷம். ஆறாவது கடிதம்.
நெய்யூர், உன் வார்டு வராந்தா.

அண்ணனுக்கு,

நீ உள்ளே ஈதர் மயக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாய். லீவு தரவில்லை. வந்துவிட்டேன். விழித்ததும் மதினி இதை வாசித்துக் காட்டுவாள், எதிரே நின்று சொன்னால் நீ என்னைப் பேசவிடமாட்டாய்.

ஒளிக்காமல் சொல்கிறேன். கட்டியை எடுத்துவிட்டார்கள். வெட்டிப் பார்த்ததில் டாக்டருக்குச் சந்தேகம் இல்லை, புற்றுதான். எந்த வகை என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல நாளாகும். வயிற்றில் ஒரு நெறி கையில் தட்டுகிறது. உன் முதுகு வலி அதுதான். அதற்குக் கதிர் வைக்கவேண்டும். பிழைப்பானா என்று நேராகக் கேட்டேன். "சித்திரையில் வந்திருந்தால் சட்டென்று பதில் சொல்லியிருப்பேன். இப்போதும் வழி இருக்கிறது. கதிருக்கு நன்றாகக் கரைகிற வகையாக இருந்தால் நல்ல வழி" என்றார். சித்திரையில் உனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தவன் நான். அந்தக் கோபம் யார்மேல் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

நுரையீரல் சுத்தம். ஒரு வட்டம் கூட இல்லை. ஜன்னலில் படத்தைப் பிடித்து மூன்று முறை பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்றைக் கண்டேன்.

இடது பக்கம், எட்டாவது விலாவும் ஒன்பதாவது விலாவும் முறிந்து கூடியிருக்கின்றன. முறிந்த இடத்தில் புது எலும்பு முடிச்சுப் போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே வரிசையில், ஒரு பூட்ஸ் அகலத்துக்கு. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு மூன்று மாசத்துக்கு முந்தின முறிவு என்று அவரே சொன்னார். எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார்.

தும்மினால் பிடிக்கிறது, கேட்க ஆள் இல்லை என்று எழுதினாயே. கமிட்டி கேட்கவில்லை. ஆசான் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எக்ஸ்ரேக்காரன் நான். எல்லோரும் வீக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். உன்னிடம் உண்மையான சாட்சி உன் சட்டைக்குள் இருந்தது.

இனி நான் செய்யப்போவது:

1. விலா எலும்புப் படத்தையும் டாக்டர் எழுத்தையும் செல்லசாமி அண்ணாச்சியிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அடித்த வரிக்கு மேலே எழுத இப்போது ஆள் உண்டு. சாட்சிக் கையெழுத்தும் போடுவேன், பேர், வேலை, ஆஸ்பத்திரி எல்லாம் போட்டு. வேலை போனால் உன் கடையில் பஞ்சர் ஒட்டுவேன்.

2. தாணுமாலயன் ஆசானைப் பார்ப்பேன். சண்டைக்கு இல்லை. ஒரு டார்ச் லைட் வாங்கிக் கொடுத்து, வெளிச்சம் புகாத எவன் வந்தாலும் எண்ணெய் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி சொல்வேன். கேட்கவில்லை என்றால் சண்டைதான்.

3. கில்பர்ட்டின் படத்தை ஜெம்மாவுக்குக் கொடுக்க அனுமதி கேட்பேன். கொடுக்கமாட்டோம் என்றால் ஒரு பிரதி எடுப்பேன்.

4. நாளைக்குக் காலையில் வெந்நீரில் குளித்துவிட்டு என் இரண்டையும் விரலில் உருட்டிப் பார்ப்பேன். அவித்த முட்டை போல வழவழப்பாக இருக்கவேண்டும். மாசம் ஒருமுறை பார்ப்பேன். ஒரே அம்மை வயிற்றில் கிடந்தவர்கள்தானே நாம்.

5. நீ கதிருக்குப் போகும் நாளெல்லாம் முடிந்தவரை வந்து வெளியே பெஞ்சில் உட்காருவேன். நீ பேசவேண்டாம்.

6. என் பஸ் ஆறு மணிக்கு. அதற்குள் நீ விழித்து, சர்க்கார் சோறு தின்கிற பயலே என்று ஒரு வார்த்தையாவது திட்டவேண்டும். திட்டாவிட்டால் பஸ்ஸை விட்டுவிடுவேன்.

சோமன்